ஆளைக் கூட்டிப்போய்ச் சொன்னது

எட்டாம் வகுப்பில் என் வாங்கில் பக்கத்தில் இருந்தவளுக்கு வாரத்தில் இரண்டு நாளாவது ஒரு சப்பாத்துக் காணாமல் போகும். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கல்முனையில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடம். தையல் அறையின் சிவப்புத் தரை அழுக்காகக் கூடாது என்பதால் சப்பாத்தை வெளியில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பாடம் முடிந்து வந்தால் எல்லாருக்கும் இரண்டு இருக்கும், அவளுக்கு மட்டும் ஒன்று. மற்றது கிணற்றடியில் கிடக்கும். சில நாள் கிடைக்கவே கிடைக்காது.

ஒளிப்பது யார் என்று வகுப்புக்கே தெரியும். எங்கள் வகுப்புத் தலைவி, மொனிட்டர். கெட்டிக்காரி, நன்றாகப் பாடுவாள், எனக்கும் கூட்டாளி. கேட்டால், "பகிடிக்குத்தானே புள்ள" என்பாள். சப்பாத்தைப் பறிகொடுத்தவளும் நொண்டியபடியே எங்களோடு சேர்ந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்புத்தான் என்னைக் குழப்பியது. அழுதிருந்தால் கொடுமை என்று விளங்கியிருக்கும். படுகிறவளே சிரித்தால் அதற்கு என்ன பெயர்? பகிடி என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியாது. நானும் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன்.

ஒருநாள் மழைக்கு பஸ் நிலையத்தில் ஒதுங்கி நின்றபோது அவள் சொன்னாள்.

"சப்பாத்து இல்லாமப் போனா சாச்சி விறகுக் கட்டையால அடிக்கிறா. ஒருத்தருக்கும் சொல்லிராத புள்ள."

அவளுடைய உம்மா சவூதிக்கு வேலைக்குப் போயிருந்தார். அவள் உம்மாவின் தங்கையான சாச்சியின் வீட்டில் இருந்தாள். கெண்டைக்காலில் தழும்பைக் காட்டினாள். அதற்குப் பிறகு எனக்குச் சிரிக்க முடியவில்லை.

ஆனால் யாரிடம் எப்படிச் சொல்வது? காலைக் கூட்டத்தில் அதிபர் சிஸ்டர் மன்னிக்கச் சொல்வார். பின்னேரம் குர்ஆன் ஓதப் போனால் மௌலவி புறம் பேசுவதன் பாவத்தைச் சொல்வார். ஒருவர் இல்லாத இடத்தில் அவருடைய குறையைச் சொன்னால், அது உண்மையாகவே இருந்தாலும் புறம்தான் என்பார். உண்மையாக இருந்தாலும்! அந்த இடத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். அநியாயத்தை முறையிடுவது புறமாகாது என்பதையும் அவர் சொல்லித்தான் இருப்பார். அன்று நான் தூங்கிவிட்டேனோ என்னவோ.

நாலைந்து நாள் மண்டையைக் குடைந்து ஒரு வழி கண்டுபிடித்தேன். ஆள் இல்லாத இடத்தில் சொன்னால்தானே புறம்? ஆளையே கூட்டிக்கொண்டு போனால்? என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். அடுத்த தையல் பாடத்தின்போது மொனிட்டரை வெளியே கூப்பிட்டேன்.

"சிஸ்டர்ட்ட உன்னப் பத்திச் சொல்லப் போறன். நீயும் வா."

"உனக்கென்ன விசரா புள்ள?" என்றாள். ஆனால் வந்தாள்.

சிஸ்டரின் மேசைக்கு முன்னால் இருவரும் நின்றோம். நான் சப்பாத்துக் கதையைச் சொல்லி முடித்தேன். மொனிட்டர் கொஞ்சமும் பதறாமல், "பகிடிதான் சிஸ்டர். அவளும் சிரிக்கிறவள்" என்றாள். சிஸ்டர் என்னைப் பார்த்து, "அப்படியா மகள்?" என்றார். அவர் என்னை நம்பாமல் விட்டுவிடுவாரோ என்று பயம் வந்துவிட்டது. வாய் தானாகத் திறந்தது.

"இல்ல சிஸ்டர். சப்பாத்து இல்லாமப் போனா அவட சாச்சி விறகுக் கட்டையால அடிக்கிறா. உம்மாவும் இல்ல, சவூதிக்குப் போயிட்டா. கால் முழுக்கத் தழும்பு."

சிஸ்டரின் முகம் மாறியது. மொனிட்டரைக் கடுமையாக ஏசினார். மொனிட்டர் வேலையிலிருந்தும் அவளை நீக்கிவிட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது, அதை மறைப்பானேன்.

அதற்குப் பிறகு சப்பாத்துத் தொலையவே இல்லை. ஆனால் என் பக்கத்தில் இருந்தவள் வகுப்புக்குள் வரும்போதெல்லாம் கடைசி வாங்கில் யாரோ கோடு போடும் அடிமட்டத்தால் மேசையில் தட்டுவார்கள். "சாச்சி வாறா, சாச்சி வாறா" என்று ஒரு குரல் வரும். வகுப்பே சிரிக்கும். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் இடைவேளையில் என்னிடம் வந்தாள்.

"மொனிட்டர வெச்சிட்டு என்னத்துக்குப் புள்ள சொன்ன?"

"அவள் இல்லாமச் சொன்னாப் புறம் இல்லையா?"



"அப்ப என்ட கதையச் சொல்லக்குள்ள நான் எங்க புள்ள இருந்தன்?"

தையல் அறையில் இருந்தாள். குனிந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். நான் அவளைத் தாண்டித்தான் மொனிட்டரைக் கூப்பிடப் போனேன். அவளையும் கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.