காலி அட்டைக்கு ஒரு துண்டு சோப்பு

ஒக்விர் வீட்டுக் கூரை விளிம்பில் காலி மாத்திரை அட்டைகள் தொங்கும். மஞ்சளும் நீலமுமாக, ஓட்டை விழுந்த அட்டைகளை நைலான் கயிற்றில் கோர்த்துக் கட்டியிருந்தார். குவானியா ஏரியிலிருந்து காற்று எழுந்தால் அவை சலசலக்கும். மழை வரப்போவது போலிருக்கும். வராது.

ஊர் அவரைச் சுகாதாரத் தொண்டராகத் தேர்ந்தெடுத்து ஒன்பது வருடமாகிறது. எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், குடிக்கக் கூடாது என்றார்கள். இரண்டும் சேர்ந்த ஆள் ஒருவர்தான் இருந்தார். சம்பளம் கிடையாது. ஒரு பை, ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ், மலேரியா மருந்து வைக்க ஒரு மரப்பெட்டி. காய்ச்சலோடு வரும் சின்னப் பிள்ளைகளின் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்பார். பரிசோதனைப் பட்டையில் இரண்டு கோடு விழுந்தால் மாத்திரை. காலையும் மாலையுமாக மூன்று நாள். ஆறு வேளை.

அந்த ஆறு வேளைக்காகத்தான் அவர் ஊரோடு மல்லுக்கட்டினார். இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டுவிடும். பிள்ளை எழுந்து ஆட்டுக்குட்டியைத் துரத்தும். மீதி மாத்திரையைத் துணியில் முடிந்து கூரைப் புல்லுக்குள் செருகிவிடுவார்கள், அடுத்த காய்ச்சலுக்கென்று. அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. மாதத்தில் பாதி நாள் ஒக்விரின் பெட்டி காலியாகத்தான் கிடக்கும். சுகாதார நிலையமோ பதினோரு மைல்.

சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. தன் எள்ளில் கொஞ்சம் விற்று, கை நீளத்துக்கு இருக்கும் நீலச் சோப்புக் கட்டி ஒன்று வாங்கிவந்தார். காலி அட்டையைக் கொண்டு வருகிறவர்களுக்கு அதில் ஒரு துண்டு அறுத்துக் கொடுத்தார். அட்டைகள் வந்து குவிந்தன.

"ஏண்டா ஒக்விர், எனக்கு ஒரு காய்ச்சலும் வரமாட்டேங்குதே, நான் எப்பத்தான் குளிக்கிறது?" என்பாள் பக்கத்து வீட்டு அக்குல்லு.

"உன்னைப் பாத்தா காய்ச்சலே பயந்து ஓடுது அக்கா."

"ஓடட்டும். போறப்ப ஒரு துண்டு சோப்பைப் போட்டுட்டு ஓடச் சொல்லு."

அமோலோ ஒரு நீல அட்டை கொண்டுவந்தாள். ஒக்விருக்குத் தம்பி முறையாகிறவனின் மனைவி. புருஷன் கரும்பு வெட்டப் போனவன், இன்னும் திரும்பவில்லை. நான்கு வயது மகள் அவோருக்கு வந்த காய்ச்சலுக்காக வாங்கிப்போன அட்டை அது. வேளைக்கு இரண்டாகப் பன்னிரண்டு குழியும் காலி. ஒக்விர் அதைத் தூக்கிப் பிடித்தார்.

"பாத்துக்கங்க எல்லாரும். பொம்பளைன்னா அவோர் அம்மா மாதிரி இருக்கணும்."

அமோலோ தரையைப் பார்த்தபடி சோப்பை வாங்கிக்கொண்டாள். வெட்கம் என்று நினைத்தார் ஒக்விர்.

அடுத்த மாதம் ஒரு நாள் காலை, அவர் மரவள்ளிக்குக் களை கொத்திக்கொண்டிருந்தபோது அக்குல்லு வரப்பே இல்லாத வழியில் விழுந்தடித்து ஓடிவந்தாள். இந்தத் தடவை அவளிடம் கிண்டல் இல்லை.

"அமோலோ வீட்டுச் சின்னப் பயலுக்கு வெட்டி வெட்டி இழுக்குதுடா."

எபோங்குக்கு ஒன்றரை வயது. பாயில் கிடந்தான். கண் மேலே செருகியிருந்தது. உள்ளங்கை வெளுத்து, உடம்பு அடுப்புக்கல்லாகக் கொதித்தது.

"எப்பலேருந்து காய்ச்சல்?"

"ஆறு நாளா மாமா."

"ஆறு நாளா! பெட்டி நிறைய மருந்து வந்திருக்கு, எங்கிட்ட ஏன் வரல?"

"மருந்து குடுத்தேன்."

"எந்த மருந்து?"

அமோலோ கூரைப் புல்லுக்குள் கைவிட்டு ஒரு தகர டப்பாவை எடுத்தாள். உள்ளே ஒன்றுமில்லை.

"அவோரோடது. நாலு மிச்சம் வெச்சிருந்தேன். அதை இவனுக்குக் குடுத்தேன்."

"நீதான் காலி அட்டை குடுத்தியே?"

"பிதுக்கி எடுத்துக்கிட்டுத்தான் குடுத்தேன்."

ஒக்விர் டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தார்.

"ரெண்டு நாள் நல்லா இருந்தான் மாமா. கஞ்சி குடிச்சான். அப்புறம் திரும்பி வந்துருச்சு. உங்ககிட்ட வந்தா முந்தின மருந்து எங்கேருந்து வந்துச்சுன்னு கேப்பீங்க. எல்லார் முன்னாடியும் என்னைத் தூக்கி வெச்சுப் பேசினீங்களே..."

பின்வழியாக வைக்கும் மாத்திரையைக் குழந்தைக்கு வைத்துவிட்டு, சுகாதார நிலையத்துக்குப் போகச் சைக்கிளை எடுத்தார். அமோலோ பின்னால் உட்கார்ந்தாள், மடியில் எபோங். செம்மண் சாலை முழுக்கப் பள்ளம். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகில் படும் சின்னக் காலின் சூட்டை மட்டும் கவனித்துக்கொண்டே மிதித்தார். கோரைச் சதுப்புப் பாலத்தைத் தாண்டும்போது அமோலோ மெதுவாகச் சொன்னாள்:

"நிறுத்துங்க மாமா."

அவருக்குக் கேட்டது. ஆனாலும் அடுத்த மேடு வரைக்கும் மிதித்தார்.

எபோங்கை வீட்டுக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள். ஐந்தாம் நாள் அவோருக்கு மறுபடியும் காய்ச்சல். அமோலோ சொல்லி அனுப்பவில்லை, அக்குல்லுதான் வந்து சொன்னாள். பட்டையில் இரண்டு கோடு. இந்தத் தடவை ஒக்விர் அட்டையைக் கொடுக்கவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வேளைக்கு இரண்டு மாத்திரை பிதுக்கி, எள் விழுது கலந்த கஞ்சியைக் குடிக்கவைத்து, அவள் விழுங்கும்வரை எதிரில் குந்தியிருந்தார். அவள் துப்பினால் வேறு இரண்டு கொடுக்கத் தனியாக ஓர் அட்டை வைத்திருந்தார். அமோலோ முற்றத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருப்பாள். நிமிர மாட்டாள். புதிய மண்மேட்டைச் சுற்றித்தான் அவர் வரவேண்டியிருந்தது, போகவேண்டியிருந்தது.

இரண்டாம் நாள் மாலை அவோர் ஆட்டுக்குட்டியின் வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அதான் விட்டுருச்சே" என்றாள் அமோலோ, முறத்தைப் பார்த்தபடி.

"இன்னும் மூணு வேளை இருக்கு."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். எழுந்துபோய்க் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள்.

மூன்றாம் நாள் மாலை கடைசி இரண்டையும் விழுங்கிவிட்டு அவோர் வாயைத் திறந்து காட்டினாள். யாரும் கேட்காமலே நாக்கைத் தூக்கியும் காட்டினாள். அமோலோ ஒக்விர் முன்னால் வந்து நின்று கையை நீட்டினாள்.

"அட்டையைக் குடுங்க மாமா."

"எதுக்கு?"

"உங்ககிட்டயே திருப்பிக் குடுக்கத்தான். சோப்பு தருவீங்களே."

அவள் முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. ஒக்விர் அட்டையைக் கையிலேயே மடித்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கயிற்றை அறுத்து இறக்கினார். ஒவ்வோர் அட்டையிலும் பேனாவால் பிள்ளையின் பெயர் எழுதியிருந்தது, அவர் கையெழுத்துதான். ஒவ்வொரு பெயராகப் படித்தார். எந்தக் குழி வயிற்றுக்குள் காலியானது, எந்தக் குழி கூரைக்குள் காலியானது என்று அட்டை சொல்லவில்லை.

மறுநாள் விடிந்ததும் கயிற்றில் முதலாவதாக இருந்த பெயரின் வீட்டுக்குப் போனார். சாணி அள்ளிக்கொண்டிருந்த பெண் அவரைக் கண்டதும் கையைப் பாவாடையில் துடைத்தாள்.

"காலி அட்டை ஒண்ணும் இல்லியே அண்ணே."

"அட்டைக்கு வரலம்மா" என்றார் ஒக்விர். "சோப்பும் கொண்டு வரல. உன் கூரைக்குள்ள என்ன இருக்குன்னு கேக்க வந்தேன். திட்ட மாட்டேன்."

அவள் கூரையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அவர் வாசலிலேயே குந்திக் காத்திருந்தார்.