சுவரில் சாக்பீஸால் எழுதிய எண்

போன வாரம் சேலத்திலிருந்து நாமக்கல்லுக்குப் போகும்போது புதுச்சத்திரத்துக்குச் சற்று முன்னால் ஒரு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. லாரியின் முதுகில் மஞ்சள் சாய்சதுரம் ஒன்று ஒட்டியிருந்தது. அதில் ஒரு வளையம், வளையத்தின் மேல் நெருப்பு. முந்த வழியில்லாமல் என் கணவர் சலித்துக்கொண்டார். எனக்கோ வாயில் நமுத்துப்போன ஜவ்வரிசி வடகத்தின் ருசி வந்தது. நெருப்புப் படத்துக்கும் வடகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன், ஆனால் சுற்றி வளைத்துத்தான் சொல்வேன். நேராகப் பேச வந்திருந்தால் நான் இந்நேரம் வக்கீலாகியிருப்பேன்.

கல்லூரி முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை நாமக்கல்லில் ஒரு சின்னப் பரிசோதனைக் கூடத்தில். கீழே லாரி பாடி கட்டும் பட்டறை, மேலே நாங்கள். நாங்கள் என்றால் நானும் மல்லிகாவும். முதலாளி சேலத்தில் இருந்தார், சனிக்கிழமை மட்டும் வருவார். கீழே வெல்டிங் அடித்தால் மேலே கண்ணாடிக் குடுவைகள் எல்லாம் கிணுகிணுக்கும். மல்லிகாவுக்குக் கோழித் தீவனமும் கிணற்றுத் தண்ணீரும் பரிசோதிக்கும் வேலை. எனக்கு மற்றதெல்லாம். நான் தம்மம்பட்டிக்காரி, பேச்சில் ‘ங்க’ அவ்வளவாக ஒட்டாது. “இவ பேசுனா சண்டைக்கு வர்ற மாதிரியே இருக்குதுங்க” என்று மல்லிகா வருகிறவர்களிடமெல்லாம் எனக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

அந்த ‘மற்றதெல்லாம்’ என்பதில் ஒன்று, ஒரு பொருள் ஆக்சிஜனேற்றியா இல்லையா என்று பார்ப்பது. ஆக்சிஜனேற்றி ஒரு விசித்திரமான ஆசாமி. தானாகச் சண்டைக்குப் போகமாட்டான், சண்டை போடுகிறவனுக்குக் கம்பு எடுத்துக் கொடுப்பான். தனியே கிடந்தால் சாது. காகிதம், சாக்கு, வைக்கோல் என்று எரியக்கூடியது எதனோடாவது சேர்ந்தால், ஒரு பொறி போதும், அது எரிகிற வேகத்தைப் பல மடங்காக்கிவிடுவான்.

பார்க்கும் விதம் எளிது. பொடியைச் சுத்தமான காகிதநார்த் தூளோடு கலந்து, ஓட்டின் மேல் சின்னக் கோபுரமாகக் குவித்து, அடியில் சூடேறும் கம்பியை வைத்து, எரிந்து முடிய எத்தனை நேரம் என்று பார்க்க வேண்டும். ஏற்கெனவே குணம் தெரிந்த இன்னொரு பொருளையும் அதே தூளோடு கலந்து எரித்து அந்த நேரத்தைக் குறிக்க வேண்டும். நம் பொடி அதற்குச் சமமாகவோ வேகமாகவோ எரிந்தால் ஆக்சிஜனேற்றி. மெதுவாக எரிந்தால் இல்லை. ஒவ்வொரு முறையும் இரண்டையும் எரிக்க வேண்டும் என்பதுதான் முறை. எங்கள் கூடத்தில் அப்படி இல்லை. தெரிந்த பொருளின் நேரத்தை எப்போதோ ஒரு சித்திரை மாதம் நான்தான் எரித்துப் பார்த்துச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தேன். அதற்குப் பிறகு யார் பொடி கொண்டுவந்தாலும் சுவரைப் பார்த்துத்தான் தீர்ப்பு. பஸ் ஸ்டாண்டில் நேரப் பலகையைப் பார்ப்பதுபோலப் பார்ப்போம். அது என் கையெழுத்து என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

வேலுச்சாமி வந்தது ஐப்பசியில். ஒரே ஒரு லாரி, ஓட்டுவது அவர் தம்பி. கோழிப்பண்ணைகளுக்கு முட்டை அட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முட்டை அட்டை தெரியுமல்லவா, பழைய காகிதத்தை அரைத்துக் குழிகுழியாக வார்த்து வருவது. இப்போது பண்ணைக் கொட்டகை கழுவும் பொடி ஒன்றை அதே பண்ணைகளுக்குக் கொண்டுபோக ஒரு கம்பெனி அவரைக் கேட்டிருந்தது. இரண்டையும் ஒரே லோடில் ஏற்றலாம் என்று கடிதம் கிடைத்தால் வருஷம் முழுக்க வேலை. இல்லையென்றால் வேறு லாரிக்குப் போய்விடும்.

“அம்மிணி, கொஞ்சம் சீக்கிரமா பாத்துக் குடுங்க. தம்பிக்குப் பொண்ணு பாத்துட்டிருக்கறோம். லாரி நின்னா பொண்ணும் நின்னு போகுமுங்க” என்றார்.

அவர் தூக்கிவந்த மூட்டையிலிருந்து பொடி எடுத்துத் தூளோடு கலந்து குவித்தேன், கம்பியை வைத்தேன். குவியல் முனகி முனகி எரிந்தது. சுவரில் இருந்த நேரத்தையெல்லாம் தாண்டி வெகுநேரம் கழித்துத்தான் அடங்கியது. சந்தேகமே இல்லை. ‘ஆக்சிஜனேற்றி அல்ல’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். “நல்லா இருப்பீங்க சாமி” என்று அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அன்று மத்தியானமே புதுச்சத்திரத்தில் அட்டை ஏற்றுவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

சாப்பாட்டு நேரத்தில் மல்லிகா வடகத்தை நீட்டினாள். ஜவ்வரிசி வடகம், காலையில் பொரித்தது. கடித்தேன். நொறுங்கவில்லை, ரப்பர் மாதிரி இழுத்தது.

“மழைல நமுத்துப் போச்சு. டப்பா மூடி சரியில்ல” என்றாள்.

கையில் வடகத்தோடு ஜன்னலைத் திரும்பிப் பார்த்தேன். ஜன்னலோரம் காகிதநார்த் தூள் ஜாடி இருந்தது. அதன் மூடியும் சரியில்லைதான். நான்கு நாள் மழைக்காற்றில் கிடந்த தூள். எரிக்கும் முன் கூடத்து மின்னடுப்பில் வைத்து உலர்த்த வேண்டும், நான் உலர்த்தவில்லை. வடகத்தைக் கீழே வைத்துவிட்டு, தெரிந்த பொருளை அதே தூளோடு கலந்து குவித்துக் கம்பியை வைத்தேன். அதுவும் முனகியது. சுவரில் என் கையெழுத்தில் இருந்த நேரத்தைப்போல் இரண்டு மடங்கானது. சித்திரை வெயிலில் எழுதிய எண்ணோடு ஐப்பசி மழையை ஒப்பிட்டிருக்கிறேன். காலையில் பொடியின் நேரம் இதைவிடக் குறைவு, அப்படியென்றால் அந்தப் பொடி ஆக்சிஜனேற்றிதான்.

செல்போன் எல்லார் கையிலும் வராத காலம். தூளை அடுப்பில் உலரப் போட்டு, பார்த்துக்கொள் என்று மல்லிகாவிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். போய் என்ன சொல்வது, முதலாளியிடம் என்ன சொல்வது என்று முதலில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி வழியில், லாரி போயிருக்கக்கூடாது என்பதைத் தவிர வேறு எதுவும் மனதில் இல்லை.

போகவில்லை. பொடி மூட்டைகள் கீழே, அவற்றின் மேல் அட்டைகள் பாதி உயரத்துக்கு ஏறியிருந்தன. உச்சியில் அவர் தம்பி கயிறு இழுத்துக்கொண்டிருந்தான். வாயில் பீடி. அந்தக் காட்சி இன்றைக்கும் என் கண்ணில் அப்படியே இருக்கிறது.

“இறக்கிடுங்க. நான் கொடுத்தது தப்பு” என்றேன். ‘ங்க’ அன்றைக்குத் தானாக வந்தது.

வேலுச்சாமி சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். “கையெழுத்து உங்களுதுதானுங்களே?”

“ஆமா. தப்பும் என்னுதுதான்.”

அவர் என்னையே பார்த்தார். முகம் சிவந்திருந்தது. பிறகு அண்ணாந்து, “டேய், பீடிய அணைச்சுப்போட்டு எறங்குடா” என்றார். என் பக்கம் திரும்பி, “நாளைக்குக் காலைல வாரேன். என்ற கண்ணு முன்னால எரிச்சுக் காமிங்க. எரியலைன்னா இத்தன அட்டையையும் நீங்கதான் வந்து ஏத்தோணும்.”

மறுநாள் காலை அண்ணன் தம்பி இருவரும் வந்து சுவரோரம் நின்றார்கள். முதலில் தெரிந்த பொருள். நன்றாகக் காய்ந்த தூளில் அது சுவர் எண்ணுக்கு மிக அருகில் வந்து முடிந்தது. அடுத்து அவர்கள் பொடி. முந்தைய நாள் முனகிய அதே பொடி உஸ்ஸென்று சீறி, ஆரஞ்சு நிறத்தில் எழும்பி, நான் கடிகாரத்தைப் பார்த்து நிமிர்வதற்குள் முடிந்துவிட்டது. கீழே வெல்டிங் சத்தமும் அந்த நேரம் பார்த்து நின்றிருந்தது.

தம்பி மெதுவாகக் கேட்டான். “ஏனுங்க, நான் இதும்மேலயாங்க உக்காந்திருந்தேன்?”

வேலுச்சாமி அவன் தோளில் கை வைத்தார். பிடித்த கையை நெடுநேரம் எடுக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, கடிகாரத்தைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

லாரி நிற்கவில்லை, பெண்ணும் நிற்கவில்லை. புதுக் கடிதத்தை வேலுச்சாமியே கம்பெனிக்குக் கொண்டுபோனார். உள்ளதைச் சொன்ன ஆளுக்கே லோடு என்று அவர்கள் பொடியை அவரிடமே விட்டார்கள். ஒரு நாள் பொடி, மறுநாள் லாரியைக் கழுவிவிட்டு அட்டை. ஆக்சிஜனேற்றி ஏற்றும் லாரியில் மாட்ட வேண்டிய மஞ்சள் பலகையைக் கீழ்ப்பட்டறைப் பெயின்டர்தான் வரைந்தார். “வளையம் எதுக்குங்க, லட்டு மேல தீ வெச்ச மாதிரி இருக்குதே?” என்று கேட்டுக்கொண்டே வரைந்தவர், கைப்பழக்கத்தில் இருபுறமும் இரண்டு தாமரையும் போட்டுவிட்டார். சனிக்கிழமை வந்த முதலாளி நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, ஈரத்துணியை எடுத்துச் சுவரைத் துடைக்கச் சொன்னார். துடைத்தேன். அதற்குப் பிறகு அங்கே இருந்த ஐந்து வருஷமும் ஒவ்வொரு முறையும் இரண்டையும்தான் எரித்தேன்.

நாங்கள் மாட்டிக்கொண்ட லாரி புதுச்சத்திரம் தாண்டி ஒரு டீக்கடையில் ஒதுங்கியது. நாங்களும் ஒதுங்கினோம். டிரைவர் இளவட்டம். லாரியை விட்டுத் தூரமாக, புளியமரம் வரைக்கும் நடந்துபோய்த்தான் சிகரெட் பற்றவைத்தான். எனக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை. “தம்பி, இந்தச் சரக்கோட முட்டை அட்டையும் சேர்த்து ஏத்துவீங்களா?” என்று கேட்டேன்.

“அட்டையா? இதோடயா?” ஏற இறங்கப் பார்த்தான். “ஆராச்சும் ஏத்துவாங்களாங்க?”

எங்கள் கூடம் இருந்த மாடியில் இப்போது செல்போன் கடை. சுவரை இடித்துக் கண்ணாடி போட்டுவிட்டார்கள். கீழே பட்டறை இல்லை, தாமரை வரைந்த பெயின்டர் இல்லை, மஞ்சள் பலகை அச்சடித்த ஸ்டிக்கராகிவிட்டது. இதையெல்லாம் நினைத்தால் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு ஒரு மனிதர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு எங்கள் படியேறி வந்து கேட்டாரே, இரண்டையும் சேர்த்து ஏற்றலாமா என்று, அந்தக் கேள்வியும் போய்விட்டது. அதைக் கேட்ட என்னை அந்தப் பையன் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தான். டீ ஆறும்வரை நான் சிரித்துக்கொண்டே இருந்தேன்.