அண்ணாவுக்கு ஒரு கிளாஸ் ஷாப்லி

போன வெள்ளிக்கிழமை என் அண்ணாவின் எட்டுச் செலவு, அதாவது செத்த எட்டாம் நாள் படையல். செத்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்போம். அவர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவாராம். சரி... என்ன படைப்பது?

காலையிலிருந்தே எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. வியா மக்வேதாத் தெருவில் மேலும் கீழும் நடந்தேன். துறைமுகம் வரை போய் நாப்போலிக்குப் போகிற கப்பலைப் பார்த்தேன். திரும்பினேன். மறுபடி போனேன். ஸ்கூட்டரில் வேலைக்குப் போன மனுசன் திரும்பி வரவில்லை என்றால், வீட்டில் எப்படி இருப்பது?

அண்ணாவுக்கு லிபெர்த்தாத் தெருவில் ஒரு சிஞ்ஞோரா வீட்டில், இந்த ஊர்ப் பணக்கார அம்மா வீட்டில், வேலை. விருந்து என்றால் வெள்ளைக் கோட்டுப் போட்டு மேசையில் பரிமாறுவார், பிறகு கோப்பையும் கழுவுவார். அறைக்கு வந்து எனக்குக் கதை சொல்லுவார். அதிகம் சொன்னது ஷாப்லி என்கிற ஒயினைப் பற்றித்தான். பிரான்சில், பர்கண்டியின் வடக்குப் பக்கம், குளிர் ஊர். மண்ணுக்குள் பழைய கடல் சிப்பி கிடக்குதாம். அந்த வெள்ளை ஒயினுக்குச் சிப்பி, மட்டி, எலுமிச்சம்புளி விட்ட மீன்... இவைதான் ஜோடி.

“உறைப்பு கிட்டவும் வரப்படாதாம். சிஞ்ஞோரா கத்துவா” என்று சிரிப்பார்.

குடித்துப் பார்த்தீர்களா என்று நான் கேட்டதே இல்லை. பரிமாறுகிறவனுக்கு யார் ஊற்றிக் கொடுப்பார்கள்? அதனால்தான் முடிவு செய்தேன் — அண்ணாவுக்கு ஷாப்லி வைக்க வேண்டும். சிஞ்ஞோராவிடம் போய் ஒரு போத்தல் கேட்டேன். பின்னேரம் தானே கொண்டுவருவதாகச் சொன்னார்.

மட்டி அவித்தேன். கணவாயை எலுமிச்சம்புளியோடு வைத்தேன். ஒரு சிட்டிகை மிளகாய்த் தூள்கூடப் போடவில்லை. எங்களோடு அறையில் இருக்கிற ராசன் அண்ணை சட்டி மூடியைத் திறந்தார்.

“என்னடா தம்பி இது? ஆருக்கு வயித்துக்குத்து?”

“ஷாப்லிக்குப் பொருந்துற சாப்பாடு அண்ணை.”

“எட்டு ஆருக்கு? ஷாப்லிக்கோ, கொண்ணனுக்கோ?”

“அந்த வீட்டு மேசையில போடுற மாதிரி அவருக்கும் ஒருநாள் போடுவம் எண்டுதான்...”

“பசியோட எழும்பிப் போப்போறான், பார்.”

இந்த ஒரு சாப்பாடுதானே? பிழைத்தால் அண்ணாவைத் திரும்பக் கூப்பிட முடியுமா?

அப்போது சிஞ்ஞோரா படியேறி வந்தார். கறுப்புச் சட்டை, கையில் போத்தல், மூச்சு வாங்கியது. தட்டுகளைப் பார்த்தார்.

“உறைப்பு எங்கே?”

“நீங்கள்தானே கூடாது என்பீர்களாம்?”

கட்டில் ஓரத்தில் இருந்தார். போத்தலை மடியில் வைத்துக்கொண்டார்.

“விருந்து முடிந்தால் கடைசிக் கிளாஸை அவனுக்கு நான்தான் ஊற்றுவேன். குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவான். பொக்கெற்றிலிருந்து உங்கள் சிவப்புத் தூளை எடுத்து என் மீன் முழுக்கத் தூவுவான். ‘ஐயோ, அந்த ஒயினைக் கொல்லாதே’ என்று கத்துவேன். ‘வாய் என்னுடையது சிஞ்ஞோரா’ என்பான். கிளாஸில் ஒரு சொட்டு மிச்சம் விட மாட்டான்.”

அண்ணா குடித்திருக்கிறார்! இருந்து, ருசித்து, சண்டையும் பிடித்து... எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. ஏன் அண்ணா, எனக்குச் சொல்லவில்லை?

ராசன் அண்ணை அதற்குள் வெங்காயம் வெட்டத் தொடங்கிவிட்டார். கணவாயைத் தாச்சியில் போட்டு, தூளை அள்ளிக் கொட்டிப் பிரட்டினோம். சிஞ்ஞோரா இருமினார். ஆனால் வெளியே போகவில்லை. போத்தலைத் திறந்து, கிளாஸை அவரே நிரப்பினார்.

எந்த ஒயினுக்கு எந்தச் சாப்பாடு என்று பிரெஞ்சுக்காரர் கணக்காகச் சொல்லுவார்கள். எந்த வாய்க்கு என்று யார் சொல்லுவது?

கதவைச் சாத்திவிட்டுப் படியில் நின்றோம். “எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்?” என்று சிஞ்ஞோரா மெதுவாகக் கேட்டார். ராசன் அண்ணை தமிழிலேயே பதில் சொன்னார்.

“ஆறுதலாச் சாப்பிடட்டும். இண்டைக்கு அவனுக்குக் கோப்பை கழுவுற வேலை இல்லை.”