ஆளில்லாத தண்ணீர்

நாங்கள் வலை வைக்கிற பாட்டை ‘மீன்பிடிப்பு நடக்காத இடம்’ என்று எழுதிய ஆளை நான் சும்மா விடுவதாக இல்லை. பொன்னேரியில் நடந்த கருத்துக்கேட்புக் கூட்டத்தில் அவர் அதை வாசித்த நாள் முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் கோபம் அப்படி. எதிராளிக்கு வலித்தால்தான் எனக்குப் பசிக்கும்.

எங்கள் ஊர் ஏரிக்கு மேற்கே, குளிர்பானத்துக்கு பாட்டில் செய்கிற ஆலை ஒன்று இருக்கிறது. மூட்டை மூட்டையாக பிளாஸ்டிக் குருணை வரும். அதை உருக்கிக் குழாயாக வார்த்து, காற்றடித்து பாட்டிலாக ஊதுவார்கள். இறக்கும்போது சிந்துகிற குருணையும், இயந்திரத்தைக் குளிரவைத்த சுடுதண்ணீரும் மழைக்கால்வாய் வழியே ஏரிக்கு வந்துவிடும். ஆலையை இன்னும் பெரிதாக்க அனுமதி கேட்டார்கள். அதனால் என்னென்ன கெடும் என்று மதிப்பிட்டு அறிக்கை எழுத அந்த ஆளைச் சம்பளம் கொடுத்து வைத்ததும் ஆலைக்காரர்கள்தான். ஆட்டுக்கு ஓநாய் காவல்!

ஏரியில் யார் எங்கே வலை வைப்பது என்பதை எங்கள் ஊரில் சீட்டுப் போட்டு முறை வைப்போம். அப்படிக் கிடைக்கிற இடம்தான் பாடு. கால்வாய் விழுகிற முனை, ஒரு காலத்தில் இறாலுக்குப் பேர்போன பாடு. புதிய சீட்டு போடுவதற்கு முன் எல்லாரும் வலை கட்டுகிற கழியைப் பிடுங்கி ஏரியைக் காலியாக விட்டுவிடுவோம். சீட்டு விழும்வரை ஒருவரும் வலை வைக்கக் கூடாது. அந்தக் காலித் தண்ணீரைத்தான் அவர் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். கரையில் இருந்த ஒருவரையும் கேட்கவில்லை. மீன்பிடிப்பு இல்லை என்று ஆகிவிட்டால் ஆலையின் புதுக் குழாயை நேராக அங்கேயே இறக்கிவிடலாம். பிறகு எங்கள் ஊருக்குப் பாடு எது, பிழைப்பு எது?

கூட்டத்தில் ஊரே எழுந்து கத்தியது. தலைமை தாங்கிய பெண் அதிகாரி, “நானே வந்து பார்க்கிறேன். நீங்களும் வாங்க” என்று அறிக்கை எழுதியவரிடம் சொன்னார்.

அவர்கள் வந்த அன்று அந்த முனை என் நைனாவின் முறை. காலையில் வலையைக் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தோம். அந்த ஆள் இஸ்திரிச் சட்டையோடு தள்ளி நின்றார். நான் தேன் ஒழுகப் பேசினேன்.

“சார், நீங்களும் கயித்தப் புடிங்க சார். போட்டோவுக்கு நல்லா இருக்கும்.”

பிடித்தார். நைனா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது.

எங்கள் ஊரில் ஒரு கட்டு உண்டு. கயிற்றில் கை வைத்தவர் வலையைச் சுத்தம் செய்யாமல் கரையை விட்டுப் போகக் கூடாது. மாப்பிள்ளையாக வந்தவருக்கும் அதே சட்டம்தான். வலையின் மடியை விரித்ததும் பாசியோடு பாசியாகக் குருணை, ஜவ்வரிசி கொட்டியது போல. இறால் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தது.

“ஆளை வெச்சு எடுத்துக்கோங்கம்மா. நான் கிளம்பணும்” என்றார்.

“கை வெச்சவங்க பொறுக்காம போவக் கூடாது சார். ஊர் கட்டு.”

அவர் அதிகாரியைப் பார்த்தார். அந்த அம்மா படகு விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, “உட்காருங்க சார், நானும் பார்க்கணும்” என்றார்.

உட்கார்ந்தார். வெயில் ஏறியது. சட்டையெல்லாம் சேறு. இறால் கொம்பு அவர் விரலைக் குத்தி ரத்தம் வந்தபோது எனக்கு வயிறு குளிர்ந்தது. பொய் சொல்ல மாட்டேன். பக்கத்து வீட்டுக்காரி, “பாவம், வுட்டுடு” என்றாள். அவளை முறைத்தேன். கண்ணி கண்ணியாகக் குருணையைப் பொறுக்க வைத்துத்தான் அனுப்பினேன். அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

ஆனால் அந்த ஆள் லேசுப்பட்டவர் இல்லை. அடுத்த கூட்டத்தில் அறிக்கையைத் திருத்திக் கொண்டுவந்து வாசித்தார். அந்த முனையில் மீன்பிடிப்பு நடக்கிறதாம். ஆனால் கிடைப்பது மிகக் குறைவாம். ஆகவே ஆலை பெரிதானாலும் புதிதாகக் கெட அங்கே ஒன்றும் இல்லையாம்.

எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. நைனா என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். நான் எழுந்துவிட்டேன்.

“இன்னா சார், கொறைவுன்னு எழுதத் தெரிஞ்ச கைக்கு, கொறைச்சது யாருன்னு எழுதத் தெரியாதா? அந்தக் கையாலதானே பொறுக்கினீங்க?”

 அதிகாரி அவர் பக்கம் திரும்பினார்.

“பொறுக்கினீங்களா, இல்லையா?”

“பொறுக்கினேன் மேடம்.”

“அப்போ அதையும் எழுதுங்க.”

அவர் குனிந்து எழுதினார். நைனா உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. எழுதியதை அவர் வாயாலேயே வாசிக்க வேண்டும் என்று நின்றேன். வாசித்தார். ‘ஆலையிலிருந்து வந்த குருணை’ என்ற இடத்தில் குரலை விழுங்கினார்.

“சத்தமா படிங்க சார்” என்றேன்.