கடல் மட்டத்தில் ஒரு மலைக்கோயில்

சென்ற கிழமை என் அஞ்சற்பெட்டியில் ஓர் ஆண்டுவிழா அழைப்பிதழ் கிடந்தது. நான்கு முனைகளிலும் மஞ்சள். நடுவில் வேலும் மயிலும். 'மலைக்கோயில்' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். முகவரியைப் பார்த்தேன்: போர்ட் கிள்ளான். நண்பரே, நான் ஐயப்படாமல் என்ன செய்வேன்? துறைமுக ஊரான போர்ட் கிள்ளானில் கொள்கலன்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உயரம்தான் உயரம். அங்கே மலைக்கு எங்கே போனார்கள்?

ஐயப்படும் பொருளை முகர்ந்து பார்ப்பது என் பழைய வழக்கம். அழைப்பிதழை மூக்கருகே கொண்டுபோனேன். மஞ்சள்தான். ஆனால் அந்த மணம் என்னைப் பிரிக்பீல்ட்ஸ் அடுக்ககத்திலிருந்து தூக்கி, அம்பாங்கில் ஒரு திருமண வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

அப்போது நான் அம்பாங் வட்டாரத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் இளம் ஆசிரியன். தமிழும் நிலவியலும் கற்பித்தேன். முனியாண்டி அண்ணன் வீட்டில் ஓர் அறை எனக்கு வாடகைக்குக் கிடைத்தது. அவருக்குச் சொந்தமாக இரண்டு சரக்குந்துகள் இருந்தன; மனைவி இலட்சுமி அக்கா; ஒரே மகள் கமலா. இவற்றோடு மலைக்கோயில் தலைவர் பதவியும் இருந்தது. வீட்டிற்குக் கிழக்கே, தெரு முடியும் இடத்தில் அந்த மலை. அதன் மேற்குச் சரிவின் அடியில் முருகன் குடியிருந்தான்.

மலை கிழக்கை மறைத்ததால் எங்கள் தெருவுக்குப் பொழுது பிந்தித்தான் விடியும். ஊரெல்லாம் வெயில் காயும்போது நாங்கள் நிழலில் பல் துலக்கிக்கொண்டிருப்போம். கோயிலிலும் அதே கணக்குதான். பஞ்சாங்கம் எதைச் சொன்னாலும், கதிரவன் மலைத் தோளைத் தாண்டி வேலின் நுனியைத் தொட்ட பிறகே காலை மணி அடிக்கும். முனியாண்டி அண்ணன் கையை உயர்த்துவார். குருக்கள் மணியை எடுப்பார். வேறெந்தக் கோயிலிலும் இப்படியொரு வழக்கத்தை நான் கண்டதில்லை.

மலை என்று எழுதிவிட்டேன். அது மலைதானா என்பதில் எனக்கு அன்றே ஐயம் இருந்தது. உயர்ந்த மலை, இடைமலை, குன்று என்று பாடநூல் மூன்று படி வைத்திருந்தது. படி வைத்தவர்கள் எங்கே நின்று அளந்தார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை. கடல் மட்டத்திலிருந்து அளந்தால் எங்களுடையது ஓரளவு பெரிய ஆள். தெருமுனையில் நின்று அளந்தால் சிறுவன். மரம் உச்சிவரை வளர்ந்தால் அது இடைமலை, பாதியில் நின்றுவிட்டால் உயர்ந்த மலை என்பது குளிர்நாட்டார் கணக்கு. அந்தக் கணக்கில் நம் தீவகற்பத்து மலைகள் பெரும்பாலும் இடைமலைகளாகவே நின்றுவிடும். வரை, குன்று, பொற்றை, அடுக்கம் என்று பழந்தமிழ்ச் சொற்களைத் தூசி தட்டி எடுத்து, சோற்றுத் தட்டின்முன் அமர்ந்து நான் வகைப்படுத்துவதுண்டு. இலட்சுமி அக்கா பொறுமையிழந்துவிடுவார்.

"இவருக்கு எதுலயும் சந்தேகம் லா. மலையக் கண்டா மலையான்னு கேக்குறாரு. நாளைக்கு என் ரசத்த எந்த வகையில சேப்பாரோ!"

"இடைநிலை" என்றேன். அன்று எனக்கு இரண்டாவது கரண்டி கிடைக்கவில்லை.

கோயில் சுவரொட்டிகளில் அது எப்போதும் மலைதான். அதுவும் 'வானளாவிய' மலை. அப்படிப் போட்டால்தான் கிள்ளானிலிருந்தும் காஜாங்கிலிருந்தும் காவடிகள் வரும். இதற்கிடையில் கமலாவுக்கு மாப்பிள்ளை அமைந்தது. முருகன் காலடியில், சொந்த மண்டபத்தில்தான் மகள் கழுத்தில் தாலி ஏறவேண்டும் என்று முனியாண்டி அண்ணன் பிடிவாதமாக நின்றார். கட்டுவதற்கு ஆள் இருந்தது, கல் இருந்தது, ஒப்புதல்தான் இல்லை. மலைச்சரிவில் கட்டடம் எழுப்பக் கூடாதாம்.

ஒருநாள் முற்பகலில் ஓர் அலுவலர் பார்வையிட வந்தார். மலாய்க்காரர், இன்முகம் கொண்டவர். அந்த இன்முகமே எனக்கு உறுத்தியது. அளவுகோல் எதுவும் கொண்டுவராமல், இளநீரைப் பருகியபடி மலையை அண்ணாந்து பார்த்தார்.

"இது புக்கிட்டா, குனோங்கா?" என்று கேட்டார். முன்னது குன்று, பின்னது மலை.

"புக்கிட் துவான். புக்கிட் கெச்சில் சாஜா" என்றார் முனியாண்டி அண்ணன். சின்னக் குன்றுதான், ஐயா. வானளாவிய சுவரொட்டி அவர் முதுகுக்குப் பின்னால் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

கடல் மட்டத்திலிருந்து பார்த்தால் என்று நான் வாயெடுத்தேன். அண்ணனின் குதிகால் என் கட்டைவிரலில் இறங்கியது. "வாத்தியாரே, இங்க கடல் எங்க இருக்கு? மண்டபம் வேணுமா, வேணாமா?" என்று பல்லிடுக்கில் கேட்டார்.

அலுவலர் தலையாட்டிவிட்டுப் போனார். எதற்காக அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டார் என்று நான் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து எண்ணினேன். இரண்டு நாள் என்பது மிகை, ஒரு வேளை.

ஒப்புதல் வந்தது. மண்டபம் எழுந்தது. கமலாவின் திருமணத்தன்று, கெட்டிமேளம் முழங்கவேண்டிய நொடிக்குச் சற்று முன்னால், மலைக்குப் பின்புறமிருந்து ஓர் உறுமல் கேட்டது. தவில்காரர் தாம் தப்பாக வாசித்துவிட்டோமோ என்று தம் கருவியையே பார்த்தார். அது மண்வாரி இயந்திரம். மலையென்றால் தொடக்கூடாது, குன்றென்றால் சமன்படுத்தலாம் என்பது விதியாம். கோயில்காரர்களே குன்று என்றுதானே சொன்னீர்கள் என்று மலையை வாங்கியிருந்த நில மேம்பாட்டாளரின் ஆள் பணிவோடு நினைவூட்டினான். அது மலைதான் என்று ஊரே திரண்டு சொன்னது. முதலில் சொன்னது அழிவதாக இல்லை.

ஓராண்டுக்குள் மலை போயிற்று. அது இருந்த இடத்துக்குச் சாலை போட மண்டபமும் போயிற்று. முருகனைத் துணியில் பொதிந்து யாரோ ஒருவர் வீட்டில் வைத்தார்கள். அந்த நாள்களில்தான் நான் ஒன்றைக் கவனித்தேன். விழாவுக்கு முதல்நாள் தவிர வண்டியைக் கழுவியறியாத முனியாண்டி அண்ணன், மாலைதோறும் தம் சரக்குந்துகளைக் குழாயடியில் நிறுத்திக் கழுவினார். சக்கரத்திலிருந்து சிவப்பாகத் தண்ணீர் ஓடியது. அதன் மணம் எனக்குத் தெரியும். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மாற்றலாகி வீட்டைக் காலி செய்தபோதும் அந்தச் செந்நீர் என் ஐயத்தில் ஓடிக்கொண்டேயிருந்தது. அதன்பின் அத்தெருப் பக்கமே நான் போகவில்லை.

இந்த ஞாயிறன்று முதல் தொடர்வண்டியைப் பிடித்துப் போர்ட் கிள்ளானுக்குப் போனேன். கிடங்குகளுக்கு நடுவே, முழங்கால் உயர மேட்டின்மேல் கோயில். வாசலில் நாற்காலி போட்டுக் கைத்தடியோடு முனியாண்டி அண்ணன்.

"வாங்க வாத்தியாரே. மலை எங்கன்னு கேக்கத்தானே வந்தீங்க?"

"உங்கள் சரக்குந்துகளைப் பற்றிக் கேட்க வந்தேன்" என்றேன். இத்தனை ஆண்டுகள் அடைகாத்த கேள்வி இவ்வளவு சின்னதாக வெளியே வரும் என்று நான் எண்ணவில்லை.

அவர் சிரிக்கவில்லை. "ஏத்துனேன். மலை மண்ண எவனோ ஏத்தி எங்கயோ கொட்டுறதுக்குப் பதிலா நானே ஏத்துனேன். இங்கெல்லாம் அப்ப சகதி. மலையில முக்காவாசி இந்தக் கிடங்குகளுக்கு அடியிலதான் கிடக்கு. உச்சி மண்ண மட்டும் தனியா வெச்சு இங்க கொட்டினேன். அதுமேலதான் முருகன் நிக்கிறான்."

குனிந்து ஒரு சிட்டிகை மண் எடுத்து முகர்ந்தேன். செம்மண் எல்லாம் ஒரே மணம்தான்.

"உச்சி மண்தான் என்று எப்படி நம்புவது?"

"நம்பாட்டி போங்க லா" என்றார். அவர் கண் மட்டும் கலங்கியிருந்தது.

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. கதிரவன் கொள்கலன்களுக்கு மேலே முழுதாக எழுந்துவிட, வேல் பளபளத்துக்கொண்டிருந்தது. குருக்கள் மணியைக் கையில் வைத்துக்கொண்டு முனியாண்டி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கிழக்கே பார்த்தபடி அசையாமல் இருந்தார்.

"அங்கிள், வெயில் கொளுத்துது. ஸ்டார்ட் பண்ணலாமா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"இரும்மா" என்றார். "இன்னும் மலையத் தாண்டல."

யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அது பழகியிருந்தது. நான் கையை நெற்றியில் வைத்துக் கிழக்கே பார்த்தேன். எங்கள் தெருவின் காலை நிழல் விலக எவ்வளவு நேரமாகும் என்பது எனக்கும் நினைவிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த மண்ணில் நின்று, அவரோடு காத்திருந்தேன்.