பின்னால் எரியும் விளக்கு

முப்பத்து நான்காவது வயதில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டவள் நான். இரண்டு பிள்ளை பெற்ற பிறகு, கோயில் மைதானத்தில், முட்டியைத் தேய்த்துக்கொண்டு கற்றேன். பார்த்துச் சிரித்தவர்கள் முன்னால் ஒரே மாதத்தில் மணியடித்துக்கொண்டு போனேன். அந்தச் சைக்கிளை விட்டுவிடு என்று ஒருவர் சொன்னபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தூத்துக்குடியில் ஓர் இறால் கம்பெனியில், நீலக் கோட்டு மாட்டிக்கொண்டு இறால் உரிக்கும் வேலை. ஆறு மணிக்கு விடுவார்கள். ஐப்பசி பிறந்துவிட்டால் வீடு வந்து சேர்வதற்குள் நன்றாக இருட்டிவிடும். வரும் வழியில் பாதித் தூரத்துக்குத் தெருவிளக்கு கிடையாது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளம், நடுவில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர்கள். அதற்காகவே முன்னால் பெரிய லைட் ஒன்று மாட்டியிருந்தேன். குழி, கல், படுத்திருக்கும் நாய் எல்லாம் பளிச்சென்று தெரியும். எங்கள் கம்பெனியிலிருந்து இந்த வழியில் சைக்கிளில் வருகிற பெண்கள் என்னோடு ஒன்பது பேர். அப்படி ஒரு லைட் வைத்திருந்தவள் நான் ஒருத்திதான். கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

ஒருநாள் மேசை கழுவ நின்றதில் தாமதமாகி, தனியாக வந்தேன். பின்னால் வந்த டிரெய்லர் கடைசி நொடியில் பிரேக் அடித்து ஒரு பக்கமாக ஒடித்துத் திரும்பியது. நான் சைக்கிளோடு உப்பளத்து வாய்க்காலில் கிடந்தேன். டிரைவர் இறங்கி ஓடி வந்தார்.

“யக்கா, சத்தியமா நீங்க தெரியல.”

“இம்மாம் பெரிய லைட்டு எரியுது, தெரியலையா? கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?”

“லைட்டு ஒங்களுக்கு முன்னாடில்லா எரியுது. நான் பின்னாடில்லா வாரேன். நீலக் கோட்டும் அதுவுமா, இருட்டோட இருட்டா இருக்கீங்க.”

இத்தனை நாள் எனக்குச் சாலை தெரிந்தது. சாலைக்கு நான் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் பைபர் வள்ளத்தில் கடலில் வலை போடப் போகிறவர். சாயங்காலம் போனால் காலையில்தான் வருவார். மறுநாள் காலையில் என் முட்டியில் போட்டிருந்த கட்டைப் பார்த்தார்.

“ஏளா, இனிமே சைக்கிள் கெடையாது. ஆட்டோல போ. இல்லன்னா வேலைய விடு.”

அவர் கெட்டவர் இல்லை, பயந்துவிட்டார். ஆனால் பயந்தது அவர், சைக்கிளை இழக்கப்போவது நான். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவரோ பேசிக்கொண்டே வலை விளக்குகளுக்குப் பாட்டரி மாற்றிக்கொண்டிருந்தார். வலையின் மிதவைக் கம்பில் கட்டுகிற, கையடக்கமான, விட்டு விட்டு மின்னும் விளக்குகள். இருட்டினால் தானாகவே எரியும். நாலு பக்கமும் தெரியும்.

“இத எதுக்குக் கட்டுதீங்க? மீன் பாக்கவா?”

“கிறுக்கா ஒனக்கு? லாஞ்சும் கப்பலும் வல மேல ஏறிறக் கூடாதுல்லா. வல இங்கன கெடக்குன்னு வாரவனுக்குத் தெரியணும். நமக்குத் தெரிஞ்சு என்ன செய்ய?”

சொல்லி முடித்தவர் பாட்டரியும் கையுமாக அப்படியே இருந்தார். நான் விடவில்லை.

“வலைக்கு நாலு லைட்டு. பொண்டாட்டிக்கு ஒண்ணுகூட இல்ல. நல்லாருக்கு ஒங்க நாயம்.”

அவர் விளக்குகளைக் கிளறினார். சிவப்பாக ஒன்றைத் தேடி எடுத்து, வலை நூலால் என் கேரியரில் கட்டினார். கடல் நீரோட்டத்துக்கே அவிழாத முடிச்சு அது. நானும் சும்மா இருக்கவில்லை. கிழிந்த லைஃப் ஜாக்கெட்டில் இருந்த, வெளிச்சம் பட்டால் மினுங்கும் பட்டையை வெட்டி, கோட்டின் முதுகில் தைத்தேன். மிச்சத்தைப் பெடலில் ஒட்டினேன். பெடல் ஏறி இறங்கும்போது, போவது ஒரு மனுஷி என்று பின்னால் வருகிறவனுக்குப் புரியும் அல்லவா?

“பாத்துட்டுத்தான் சொல்லுவேன்” என்றார். அன்று கடலுக்குப் போகாமல் இருட்டியதும் சாலையில் வந்து நின்றார். நான் வளைவு வரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்தேன்.

“வளைவு வரைக்கும் தெரிஞ்ச” என்றார். அதோடு ஆட்டோப் பேச்சு முடிந்தது.

ஒரே வாரத்தில் மற்ற எட்டுப் பேரும் விளக்கு கேட்டார்கள். முடிச்சுப் போடத்தான் என் வீட்டுக்காரர். எந்த உயரத்தில், எந்தப் பக்கம் என்று சொல்ல நான். இப்போது டிரெய்லர்கள் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து விலகிப் போகின்றன. இறால் உரிக்கிற பெண்களுக்குக் கன்டெய்னர் வண்டி ஒதுங்கி வழி விடுகிறது என்றால், அந்தப் பெருமையை நான் எதற்கு மறைக்க வேண்டும்?

போன மாதம் ஒரு நாள் காலையில், கடலிலிருந்து வந்தவர் ஈரக் கையைத் துடைத்தபடியே சொன்னார்:

“நேத்து போகும்போது கரையப் பாத்தேன். செவப்பா வரிசையாப் போச்சு. எண்ணுனா எட்டுதான் இருந்துச்சு. எஞ்சினை அமத்திப் போட்டு நின்னேன். பொறவு ரொம்ப பிந்தி ஒண்ணு வந்துச்சு.”

“அது நாந்தான். செயின் கழண்டுட்டு.”

“தெரியும். அதுக்குப் பொறவுதான் வலைக்குப் போனேன்.”

அன்று கம்பெனி வாசல் வரை மணியடித்துக்கொண்டே போனேன்.