மருந்து அடிப்பதற்கு முன் அனலைதீவுக்கு

காலை ஐந்தே முக்கால். வேலணையில் பஸ் ஏறும்போதே இரண்டு தடவை நேரம் பார்த்துவிட்டேன். ஊர்காவற்றுறை இறங்குதுறைக்கு எட்டுக் கிலோமீற்றர். கட்டணம் எண்பது ரூபாய். ஏழு மணிப் படகைத் தவறவிட்டால் அடுத்தது மத்தியானம்தான். அதற்குள் அனலைதீவில் தவமலரின் மிளகாய்த் தோட்டத்துக்கு அவளுடைய கணவர் பூச்சிமருந்து அடித்து முடித்திருப்பார்.

முதல்நாள் மாலை தவமலர் தொலைபேசியில் சொன்னது கொஞ்சம்தான். “அக்கா, இலையெல்லாம் சுருண்டுபோச்சு. இவர் நாளைக்குப் பத்து மணிக்கு அடிக்கப் போறார். இனி என்னால மறிக்க ஏலாது.”

எங்கள் குழுவில் ஒன்பது பேர். எல்லோரும் தோட்டக்காரர். செயற்கைப் பசளையையும் பூச்சிமருந்தையும் விட்டுச் சில போகம் கண்டவர், விட நினைக்கும் இன்னொருவருக்குத் துணை நிற்க வேண்டும். படித்துவிட்டு வந்து பாடம் நடத்துவதல்ல. தன் தோட்டத்தில் பட்டதைச் சொல்வது. என் பொறுப்பில் வந்தவள் தவமலர். என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். ஆறு பரப்பில், அரை ஏக்கருக்கும் குறைவான நிலத்தில், மிளகாய் வைத்திருந்தாள். அந்த ஆறு பரப்பும் என் பேச்சை நம்பி வைத்தது.

ஏழு மணிக்குப் புறப்பட வேண்டிய படகு ஏழு இருபதுக்குத்தான் அசைந்தது. பயணிகளோடு மாவு மூட்டைகள், இரண்டு எரிவாயு உருளைகள், ஒரு கட்டில். வலப்பக்கம், கடலுக்குள் நிற்கும் பழைய கோட்டை பின்வாங்கியது. கடல் அசையாமல் கிடந்தது. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. பக்கத்தில் இருந்த பெண், மடியில் நான் வைத்திருந்த வேப்பங்கொட்டைக் கரைசல் கலனின் மணத்தில் முகத்தைச் சுளித்துவிட்டுக் கேட்டார்.

“ஆரிட்டைப் போறியள்?”

“தவமலரிட்டை. மிளகாய் பார்க்க.”

“ஓ, அந்த மருந்தில்லாத தோட்டமோ? ஊரே பாத்துக்கொண்டிருக்குது, பிழைக்குமோ எண்டு. பிழைச்சா நாங்களும் செய்து பாக்கலாம்.”

நான் கலனின் மூடியை இன்னும் இறுக்கினேன்.

எட்டு மணி கடந்து இறங்கினேன். ஓட்டோக்காரர் முந்நூறு ரூபாய் கேட்டார்; பேரம் பேசாமல் ஏறினேன். இரு பக்கமும் பனங்கூடல், இடையில் பாழ்விழுந்த கல்வீடுகள். உரிமைக்காரர் கனடாவிலும் கொழும்பிலும். அவற்றுக்கு அப்பால் கிணறுகளும் தோட்டங்களும். புகையிலை நின்ற காணித்துண்டுகளைத் தாண்டியதும் தவமலரின் தோட்டம் தெரிந்தது. தூரத்திலேயே அதன் பச்சை சரியில்லை.

அவளுடைய கணவர் கணேசன் கிணற்றடியில் தெளிப்பானைக் கழுவிக்கொண்டிருந்தார். மருந்துப் போத்தல் பக்கத்துக் கல்லில் இருந்தது, இன்னும் மூடி திறக்கவில்லை.

“வாங்கோ. பாத்திட்டுச் சொல்லுங்கோ,” என்றார். குரலில் கோபம் இல்லை. “அரசாங்கம் பசளையை ஒரேயடியா நிப்பாட்டின வருசமும் இப்பிடித்தான். விடு எண்டு சொல்ல ஆக்கள் இருந்தவை. விட்ட பிறகு என்ன செய்யிறது எண்டு சொல்ல ஒருத்தரும் வரேல்லை.”

நான் பாத்திக்குள் இறங்கினேன். மேற்குப் பக்கத்தில், கடற்காற்று நேராக விழும் இடத்தில், செடிகள் பாதிக்கு மேல் சுருண்டிருந்தன. ஓர் இலையைத் திருப்பினேன். அடிப்பக்கத்தில் தூசி போலப் பூச்சி ஊர்ந்தது. மேலே வேப்பங்கரைசல் காய்ந்த கறை. அடியில் ஒரு துளிகூடப் படவில்லை.

தவமலர் கணவரிடம் சொன்னாள். “அக்காட செடியும் முதல் வருசம் இப்பிடித்தான் சுருண்டது. வேப்பங்கொட்டை மட்டும் அடிச்சவ. பத்து நாளில தெளிஞ்சது. நாங்களும் பொறுத்துப் பாப்பம்.”

அந்தக் கதை என்னுடையது. குழுவில் ஐந்து வருடமாக நான் சொல்லிவந்தது. கணேசன் என் முகத்தைப் பார்த்தார்.

“தவமலர், அது அப்பிடி நடக்கேல்லை,” என்றேன். “பத்து நாள் பொறுத்தனான். தெளியேல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் கோயிலுக்குப் போன நேரம், மருந்து அடிச்சனான்.”

கணேசன் தெளிப்பானைக் கீழே வைத்தார். தவமலர் செடியை விட்டு என் பக்கம் திரும்பினாள்.

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“வெக்கம்.”

இரண்டாம் வருடம் நான் கற்றதை அப்போதுதான் அவளுக்குச் சொன்னேன். இலை சுருண்ட பிறகு வேப்பங்கரைசல் அடித்துப் பெரிய பயனில்லை. நாற்றுமேடையிலிருந்தே தொடங்க வேண்டும். வெயில் சாய்ந்த பின், இலையின் அடிப்பக்கம் நனைய, கொஞ்சம் சவர்க்காரம் கரைத்து அடிக்க வேண்டும். காற்று வரும் பக்கம் இரண்டு வரிசை சோளம் நிற்க வேண்டும். இவற்றை முன்பே சொல்லியிருந்தால் முதல் வருடம் எப்படித் தோற்றேன் என்பதையும் சொல்ல வேண்டியிருந்திருக்கும். அதனால் வெற்றியை மட்டும் சொல்லி அவளை இங்கே கொண்டுவந்து விட்டிருந்தேன்.

கணேசன்தான் முடிவு சொன்னார். “மேற்கால ரெண்டு பரப்புக்கும் நான் அடிக்கிறன். மிச்சம் நாலும் அவவின்ர.” தவமலர் தலையசைத்தாள். மறுத்துச் சொல்லும் தகுதி அன்று எனக்கு இருக்கவில்லை.

காற்று அடங்கியிருந்ததால் மருந்து நெடி எட்டாத கிழக்குப் பக்கத்தில், தேறாத செடிகளைப் பிடுங்கி எரிக்கக் குவித்தோம். அருகருகே குனிந்து மூன்று மணிநேரம். பன்னிரண்டரைக்குத் தவமலர் சோறும் மீன்குழம்பும் போட்டாள். “இன்னும் கொஞ்சம் போடட்டோ?” என்று மட்டும் கேட்டாள். பசியிருந்தும் வேண்டாம் என்றேன்.

திரும்பும் படகு மூன்று மணிக்கு. கணேசன் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றப் போனபோது, தவமலர் தானே கொண்டுபோய் விடுவதாகச் சொல்லித் திறப்பை வாங்கினாள். நான் படகில் கால் வைத்த பிறகுதான் வாய் திறந்தாள்.

“அக்கா, வெண்டதை எனக்குச் சொல்ல எத்தினையோ பேர் இருக்கினம். நீங்கள் இனி வரேக்க தோத்ததைச் சொல்லுங்கோ. அப்பத்தான் நானும் என்ர பிழையைச் சொல்லுவன்.”

படகு திரும்பியது. எங்கள் வேலணையில் ஒரு தோட்டத்தில் நோய் விழுந்தால் பக்கத்துத் தோட்டக்காரர் வேலியால் எட்டிக் கேட்பார். அன்றைக்கே ஊருக்குத் தெரியும், அன்றைக்கே யாராவது உதவிக்கும் வருவார். தவமலருக்கு அப்படி எட்டிக் கேட்கிறவள் நான்தான். இடையில் முக்கால் மணிநேரக் கடல். அந்தத் தூரத்தில் ஒரு பொய் எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை.

மூன்று கிழமை கழித்து அவள் அழைத்தாள். கணேசன் அடித்த பக்கம் முதலில் தெளிந்ததாம். அவளுடைய நாலு பரப்பில் ஏறக்குறைய மூன்று துளிர்த்துவிட்டது. ஒன்று போனது போனதுதான். அடுத்த போகத்துக்கு இரண்டு பக்கத்தையும் பார்த்துத்தான் கணேசன் முடிவு சொல்வாராம்.

“குழுக் கூட்டத்தில மருந்தடிச்சதைச் சொன்னனீங்களோ?” என்று கேட்டாள்.

“ஓம். போன சனிக்கிழமை சொன்னனான்.”

“ஆரும் ஏதும் சொன்னவையோ?”

“சொன்னவை. இன்னும் ரெண்டு பேர், தாங்களும் மருந்து அடிச்சவை எண்டு சொல்லிச்சினம்.”

மறுபக்கத்தில் அவள் சிரித்தது கேட்டது. பிறகு, சோளவிதை எங்கே வாங்கலாம் என்று கேட்டாள்.